ராஜாவுக்கான ஜெபம்

பாளையங்கோட்டை, 1908 ஏப்ரல், ஞாயிறு இரவு

ஓய்வுநாளில் பேனா எடுக்கிறேன். ஆண்டவரே, பொறுத்தருளும்.

இன்று கோயிலில் பாதிரி ஐயர் ராஜாவுக்காக ஜெபிக்கும்போது சபை முழுவதும் முழங்காலில் இருந்தது. ஆண்கள் பக்கத்தில் என் தம்பி சாமுவேல் மட்டும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணைத் திறந்து அதைப் பார்த்தது நானும் உபதேசியாரும்தான். போன மாதத்துச் சுதேசிக் கலகத்துக்குப் பிறகு, இதற்கே போலீசார் பையன்களைப் பிடித்துப் போகிறார்கள்.

ஆராதனை முடிந்ததும் உபதேசியார் என்னை வழிமறித்தார்.

"பி.ஏ. படிச்ச புள்ள பொய் சொல்லாது. ஒந் தம்பி வேணும்னுதான் உக்காந்திருந்தானா? நாளைக்குப் போலீசு வருது. ஐயரு ஒன்னியத்தான் கேப்பாவ."

நான் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அவனிடமே கேட்டேன்.

"ஆண்டவருக்கு முழங்கால் போடுதேன்க்கா. வெள்ளக்கார ராஜாவுக்கு எதுக்குப் போடணும்?"

"ஏலே, பையப் பேசு" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

அவன் சொன்னதில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஆனால் என் படிப்பு, என் பள்ளிக்கூட வேலை, இந்த வீடு எல்லாம் மிஷன் கொடுத்தவை.

ஆண்டவரே, அவனுக்கு முழங்காலில் புண் என்று நாளை ஐயரிடம் சொல்லப் போகிறேன். அப்போது என் குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்ளும்.