கட்டைவிரல் பழகிய நாட்கள்

ஜனவரி 20, 2025, திங்கள்

பேசாமல் இருக்கும் நான்காவது நாள். வெள்ளிக்கிழமை திருச்சி ஆஸ்பத்திரியில் என் குரல்நாணிலிருந்து இரண்டு முடிச்சுகளை எடுத்தார்கள். மிளகைவிடச் சின்னது என்றார் டாக்டர். அவ்வளவு சின்னதற்கு இவ்வளவு கண்டிப்பு: இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். பிறகு மெதுவாகப் பேசலாம். பாட்டு மட்டும் நான்கைந்து மாதத்துக்குக் கிடையாது.

ஊரெல்லாம் ஒட்டும் போஸ்டரில் 'இளமதி இன்னிசைக் குழு, இலுப்பூர்' என்று என் பெயர்தான் பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் 'கீபோர்டு: சரவணக்குமார்'. என் வீட்டுக்காரர். பாடாத இளமதியை வைத்துக்கொண்டு இந்தத் திருவிழா சீசனை எப்படி ஓட்டப்போகிறார்? கேட்கவும் முடியவில்லை.

ஜனவரி 23

காய்கறிக்காரரிடம் விரலால் கத்தரிக்காயைக் காட்டினேன். "அரை... கிலோவா? கால்... கிலோவா?" என்று சத்தமாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவு செய்துவிட்டார்.

ஜனவரி 25, சனி

செல்போனில் பாட்டு கேட்டால் தொண்டை தானாக அசைகிறது. பாடகர்கள் பாடுவதைக் கேட்கக்கூடாது என்று பாட்டில்லாத இசையாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோவில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில், அடிச் சுரத்துக்கென்றே இருக்கிற பேஸ் கிட்டார். கட்டைவிரலின் பக்கவாட்டு எலும்பால் தடிக் கம்பியை ஓங்கி அடிக்கிறாள், ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பியைக் கொக்கி போட்டு இழுத்து விடுகிறாள். டும் - டக். டும் டும் - டக். 'ஸ்லாப்' என்கிறார்கள். இசையின் பெயர் ஃபங்க்.

யாரோ நடுத்தெருவில் நின்று சண்டை போடுவது மாதிரி இருந்தது. எட்டுத் தடவை பார்த்தேன். பேச முடியாததால்தான் அப்படிப் பிடித்ததா? மூன்று மாதம் முன்னால் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேனோ?

ஜனவரி 28

காகிதத்தில் எழுதி வீட்டுக்காரரிடம் நீட்டினேன்: "பேஸ் கிட்டார் பழகட்டுமா?"

படித்துவிட்டு நிமிர்ந்தார். "எதுக்கு? பேஸுதான் நான் இடது கையில வாசிக்கிறேன்ல?"

உண்மைதான். எங்களை மாதிரிச் சின்னக் குழுவில் பேஸுக்குத் தனி ஆள் கிடையாது. கீபோர்டுக்காரரின் இடது கைதான் பேஸ். பதினாறு வருஷம் என் குரலுக்கு அடியில் ஓடியது அந்தக் கைதான். நான் அதைக் கவனித்துக் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 1, சனி

இன்று பேசலாம். முதல் வார்த்தை நல்லதாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். வந்தது: "மாமா, பால் பொங்குது!"

பிப்ரவரி 8, சனி

திருச்சியில் இசைக்கருவிக் கடை. அவரும் கூட வந்தார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

நாலு கம்பியா, ஐந்து கம்பியா? அதிலேயே தடுமாறிவிட்டேன். கடைக்காரர், "சினிமாப் பாட்டுக்கு அஞ்சு கம்பி எடுத்துக்கங்க மேடம், அடிச் சுரம் கிடைக்கும். ஸ்லாப் பழகணும்னா நாலுதான், கம்பிக்கு நடுவுல விரல் போக எடம் வேணும்" என்றார். எனக்கு இரண்டும் வேண்டும். "அப்ப எதை எடுக்கறது?" என்றேன். "அது ஒங்க கைய பொறுத்தது." என் கையைப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் உள்ளே பேட்டரி போடுகிற வகையா, போடாத வகையா என்றார். பேட்டரி போட்டால் 'டக்' பளிச்சென்று கேட்கும். ஆனால் கச்சேரி நடுவில் தீர்ந்தால் ஊமை. ஊமை என்றதும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அது ஒரு காரணமா?

ஐந்து கம்பியைத் தோளில் மாட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குடம் கனம். ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. இரண்டு வாரம் ஊமையாக இருந்தது நானா அவரா?

பிப்ரவரி 13

எங்கள் குழுவில் தாளத்துக்கு எலெக்ட்ரானிக் பேட் தட்டுகிற சூசைராஜ், அவர் சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன நாலு கம்பி பேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிட்டாரின் கழுத்து ஒல்லியாக இருக்கிறது, என் விரல் சுற்றி வருகிறது. ஆனால் அடித்தால் ஈரத் துணியைத் துவைக்கிற சத்தம்.

"கருவி மட்டமோ?" என்றேன்.

"கம்பி செத்துப்போச்சுக்கா. மூணு வருஷமா மாத்தல. புதுசு போட்டுட்டு அப்பறம் திட்டுங்க."

பிப்ரவரி 16, ஞாயிறு

புதுக் கம்பி. கட்டைவிரலால் ஓர் அடி. வயிற்றில் விழுந்தது.

இதுதான். சிங்கப்பூருக்குப் போன் போட்டுப் பேசி இதையே வாங்கிக்கொண்டேன். நான் தேர்ந்தெடுத்தேனா, இல்லை, வாசலுக்கு வந்ததைப் பிடித்துக்கொண்டேனா - இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 27

பாடம் நடத்தும் வீடியோக்களில் ஒருவர் சொல்கிறார்: கட்டைவிரலைக் கம்பிக்கு இணையாகப் படுக்க வை. இன்னொருவர்: மேல் நோக்கி நிமிர்த்து. ஒருவர் கிட்டாரை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டியிருக்கிறார், இன்னொருவர் தொடைவரை இறக்கியிருக்கிறார். நான் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. இரண்டிலும் கட்டைவிரல் ஓரம் கன்றிப்போய் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை.

மார்ச் 6

கருவி கிடைத்துவிட்டது, எதை வாசித்துப் பழகுவது? அமெரிக்காவில் எழுபதுகளில் போட்ட ஃபங்க் பாட்டுகளைக் கேள் என்கிறார்கள். கேட்டேன். பாதி வேகத்துக்கு இறக்கினாலும் என்னைத் தாண்டி ஓடுகிறது. தாளத்தின் முதல் அடிதான் அவர்களுக்கு எல்லாம். அதில் ஓங்கி விழுகிறார்கள். எனக்கோ அரை இடம் தள்ளி எடுத்துப் பாடியே பழக்கம். முதல் அடி வரும்போது மூச்சிழுத்துக்கொண்டு நிற்கிறேன், அது போய்விடுகிறது.

சரி, தெரிந்த பாட்டில் பழகலாம் என்று ஒரு தாலாட்டுப் பாட்டில் அடித்துப் பார்த்தேன். தொட்டிலை எட்டி உதைக்கிற மாதிரி இருந்தது. குத்துப் பாட்டில் அடித்தேன். சூசைராஜின் பேட் ஏற்கெனவே எல்லா இடத்தையும் நிரப்பியிருக்கிறது, நுழைய வழியில்லை. "எல்லா அடியிலயும் நீங்களும் அடிக்காதீங்கக்கா. விட்டு விட்டு வாங்க" என்கிறார்.

விடத்தான் தெரியவில்லை. விட்ட இடத்தில் எல்லாம் பாடத் தோன்றுகிறது.

மார்ச் 15, சனி

புதிய பாடகி வந்தாள். பிளெஸ்ஸி, குளத்தூர்ப் பெண், வயது இருபத்து மூன்று. என் பாட்டுகளை எல்லாம் என்னைக் கேட்டே பழகினாளாம், மூச்சு வாங்குகிற இடம்கூட என்னுடையது. ஐந்து கட்டைச் சுருதியில் அலட்டாமல் நிற்கிறாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்குடா" என்றேன். நல்லாத்தான் இருந்தது. அடுப்படிக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஒத்திகை. நடுத்தர வேகப் பாட்டுகளாக ஐந்து பொறுக்கி வைத்திருக்கிறேன், இடையில் இரண்டே இடத்தில் ஸ்லாப். முதல் பாட்டிலேயே கலங்கல். என் பேஸும் அவர் இடது கையும் ஒரே வாசலில் இரண்டு பேர் நுழைகிற மாதிரி.

சூசைராஜ்தான் நிறுத்தினார். "அண்ணே, அடியில ரெண்டு பேரு நிக்கிறீங்க. யாராச்சும் ஒருத்தர் நகருங்க."

"நான் பதினாறு வருஷமா இங்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"மாமா, இந்த அஞ்சு பாட்டுல மட்டும் இடது கைய எடுத்துருங்களேன்" என்றேன்.

"எடுத்து எங்க வைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "ஒனக்குக் கொரல் வந்ததும் இத மூலையில சாத்திட்டு மைக்குக்குப் போயிருவ மதி. அப்ப என் கை வாசிக்கிறத மறந்து போயிருக்கும். நான் என்ன பண்றது?"

பொறாமை, பிடிவாதம் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். இது பயம். போகமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போவேனோ என்னவோ.

ஏப்ரல் 26, சனி

நேற்று குளத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. என் ஐந்து பாட்டுக்கும் அவர் இடது கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். அது அங்கேயும் சும்மா இருக்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு இடத்தில் தவறினேன். யாருக்கும் தெரியவில்லை. பேஸில் தவறினால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது பெரிய நிம்மதி, கொஞ்சம் வருத்தமும்.

பாதியில் கமிட்டித் தலைவர் மேடையேறி பிளெஸ்ஸிக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கை வாங்கி, "இளமதிம்மாவ பதினஞ்சு வருஷமா கேக்குறோம். இன்னும் கொமரிப்புள்ள மாதிரியே கொரல், ஆளும் அப்படியே இருக்காங்க!" என்றார். கைதட்டல்.

பிளெஸ்ஸி, "ஐயா, நான் வந்து -" என்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன்: வாங்கிக்கொள். ஏன் ஆட்டினேன்? பெருந்தன்மையா? இளமதி இனிமேல் அந்தப் பெண்தான் என்று நானே ஒத்துக்கொண்டேனா? வேனில் பொன்னாடையை என் மடியில் வைத்தாள். எடுத்து அவள் மடியில் வைத்தேன். கடைசியில் அது கீபோர்டுப் பெட்டிமேல் கிடந்து வந்தது.

மே 11

முதல் அடி வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் தெரியாது. குழம்பு தாளித்துவிட்டு வந்து கிட்டாரை மாட்டினேன், சரியான இடத்தில் விழுந்தது.

ஜூன் 2, திங்கள்

தனியாகத் திருச்சி போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், "சுத்தமா ஆறிடுச்சு. இனிமே பாடலாம். ஆனா பழைய உச்சத்துக்கு இழுக்காதீங்க, இறக்கிப் பாடுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாக ஒரு சுரம் விட்டுப் பார்த்தேன். இருக்கிறது. நாலு கட்டைக்குப் பொருந்தும், கொஞ்சம் கரடு. என்னுடையதுதான், யாரோ இரண்டு வருஷம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த மாதிரி.

வீட்டில் அவர், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்" என்றேன்.

எதுக்குப் பொய் சொன்னேன்? ஐயோ, எதுக்கு?

ஜூன் 9

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

மத்தியானம் பழகிக்கொண்டிருந்தவள் என்னை அறியாமல் கூடவே பாடியிருக்கிறேன். நிமிர்ந்தால் வாசலில் பிளெஸ்ஸி.

"அக்கா... ஒங்களுக்குக் கொரல் வந்துருச்சு."

"சொல்லாத."

"யாருக்கிட்ட?"

"யாருக்கிட்டயும்."

அவள் உட்காரவில்லை. "என்னைய ஒரு ஸ்கூல்ல பாட்டு டீச்சரா கூப்புட்டிருக்காங்க. ரெண்டு வாரமா பதில் சொல்லாம இழுத்துக்கிட்டிருக்கேன். நீங்க திரும்பப் பாட வாரீங்கன்னா நான் போயிருவேங்க்கா. தெரியாமதான் நிக்கிறேன்."

என் குழப்பம் என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தேன். அது இன்னொருத்தியின் பிழைப்பைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

அவரிடம் சொல்லிவிட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாந்தேதியிலேர்ந்து."

"பதினாலு நாளு. ஏன் மதி?"

"பாட வந்தா இத விட்டுருவேனோன்னு. வரலன்னா... வரலன்னா நான் யாருன்னே தெரியல மாமா. ரெண்டுமே பயமா இருந்துச்சு."

"நீ இல்லாத நேரத்துல நான் இடது கையில வேற வாசிச்சுப் பழகிக்கிட்டிருக்கேன், தெரியுமா? நடுவுல வயலின் சத்தம் மாதிரி போடலாம்னு. ஒரு மாசமா. அதயாச்சும் ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒளித்து ஒளித்துப் பழகியிருக்கிறோம். அழுதேனா சிரித்தேனா என்று எழுதத் தெரியவில்லை. இதை எழுதுவதற்கு ஸ்லாப் பழகுவதே சுலபம்.

ஜூன் 22, ஞாயிறு

அன்னவாசலில் காதணி விழா. மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர் என்னைக் கேட்காமலே மைக்கில், "இப்ப ஒங்க இளமதி பாடுவாங்க" என்று சொல்லிவிட்டார். கிட்டாரைக் கழற்ற நேரமில்லை. மாட்டியபடியே முன்னால் போனேன். நான் சொல்லாமலே சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்திருந்தார்.

பல்லவி நன்றாக வந்தது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். சரணத்தில் மேலே போகிற இடம் - குரல் நின்றுவிட்டது. உடையவில்லை, வலிக்கவில்லை, அங்கே படி இல்லை. கை மட்டும் நிற்காமல் கம்பியில் போய்க்கொண்டிருந்தது. பிளெஸ்ஸியைப் பார்த்தேன். அவள் அந்த வரியை எடுத்துக்கொண்டாள். நான் கீழே இறங்கி அவளோடு சேர்ந்து முடித்தேன்.

கைதட்டல் அடங்கியதும் மைக்கில் சொன்னேன்: "இப்ப பாடுனது பிளெஸ்ஸி. நம்ம குளத்தூர்ப் புள்ள. அடுத்த பாட்டும் அதுதான் பாடும்." சொல்லிவிட்டு சூசைராஜ் பக்கம் போய் நின்றுகொண்டேன். அடுத்த பாட்டின் முதல் அடி சரியாக விழுந்தது.

ஜூன் 24

பிளெஸ்ஸி பள்ளிக்கூடத்துக்கு ஒத்துக்கொண்டாள். சனி, ஞாயிறு எங்களோடு. பள்ளியிலும் சம்மதம் வாங்கிவிட்டாளாம். நான் கச்சேரிக்கு இரண்டு பாட்டு, நாலு கட்டையில். இரண்டு போதுமா என்று அவர் கேட்டார். இப்போதைக்குப் போதும் என்றேன். நாளைக்கு எப்படி என்று சத்தியமாகத் தெரியாது.

ஜூலை 6, ஞாயிறு

ஆடித் திருவிழாவுக்குப் புதுப் பாட்டு ஒன்று எடுத்தோம். முன்னிசையில் எட்டு அடி வெறுமையாக இருந்தது. அவர் கீபோர்டு வால்யூமைக் குறைத்துவிட்டுக் கேட்டார், "இந்த எடத்துல நீ என்ன வாசிக்கப்போற? சொல்லு, அதுக்குத் தக்கன நான் ஒதுங்கிக்கிறேன்."

"இன்னும் தெரியல மாமா."

"சரி. தெரியிற வரைக்கும் வாசிப்போம்."

நாலு தடவை வாசித்தோம். நாலும் நாலு விதம். அடுப்பில் சோறு குழைந்துவிட்டது.