அழுவதற்கல்ல உன் ஆல்பம்

கறுப்புச் சட்டைக்குள் தொப்பையை ஒளித்து ஊரையே ஏமாற்றிய என் ஆசைத் தம்பி சேகரா,

அங்கே சாப்பாடெல்லாம் எப்படி? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முட்டிவலி மட்டும் உன்னைப் போலச் சொல்லாமல் கொள்ளாமல் போக மாட்டேன் என்கிறது. எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்காதே. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பாய்?

உன் ஆல்பம் வரப்போகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அது வருவதற்குள் இங்கே நடந்த கூத்தையும் நீ கேட்டாக வேண்டும்.

இத்தனை வருடமாக நீ பாடியதெல்லாம் கோபப் பாட்டு. ஈஜோக் பக்கம் தோட்டத்தில் நாம் பிறந்த லயத்து வீடுகளை இடித்ததைப் பாடினாய். வேலையில்லாத பையன்களைப் பாடினாய். ராப் என்றாலே சேகர் அண்ணன்தான் என்று பேர் வாங்கிய பிறகு, ஐம்பதை நெருங்கும்போது வந்து, "அக்கா, இந்த ஆல்பம் முழுக்க கிளப்புல ஆடற பாட்டு" என்றாய்.

"கிளப்பா? நீ கடைசியா ராத்திரி முழிச்சிருந்தது கொசு கடிச்சப்பதானேடா!" என்று சிரித்தேன்.

நீ கோபப்படவில்லை. "இத்தன வருசமா நம்ம ஆளுங்கள யோசிக்க வச்சேன் அக்கா. யோசிச்சி யோசிச்சி எல்லாருக்கும் இடுப்பு புடிச்சிப் போச்சிலா. கொஞ்சம் ஆடட்டும்" என்றாய். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது.

பாட்டு சரியா என்று பார்க்க நீ கிளப்புக்கா போனாய்? கோலசிலாங்கூரில் என் கடைக்கு வந்தாய். கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும் நாற்காலிகளை என் ஆட்கள் துடைக்கும் நேரமாகப் பார்த்து வருவாய். பாட்டைப் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்க மாட்டாய். கையை மட்டும் பார்ப்பாய். துணி பிடித்த கை தாளத்தோடு ஓடினால் பாட்டு தேறியது. கை நின்று, காது மட்டும் கேட்டால், "இது ஆட்டப் பாட்டு இல்ல, பிரசங்கம்" என்று தூக்கிப் போடுவாய். "எங்களுக்குச் சம்பளம் யாருடா குடுப்பா?" என்று என்னிடம் வேலை செய்யும் மாரியம்மா கேட்டதற்கு, "ஆடிக்கிட்டே வேலை செய்றீங்களே, நீங்கதான் எனக்குக் குடுக்கணும்" என்றவன் நீ.

எல்லாப் பாட்டையும் முடித்தாய். அட்டைப் படத்துக்குப் புதுச் சட்டையும் வாங்கினாய். அந்த வாரமே மார்வலி வந்து போய்விட்டாய். என்ன அவசரம் உனக்கு?

கருமாதி முடிந்த பிறகு, உனக்கு இசை அமைத்த ராஜன் வந்தான். "அண்ணன் போயிட்டாரு. இந்த நேரத்துல குத்தாட்டமா விட்டா ஊரு என்னா சொல்லும் அக்கா?" என்றான். பாட்டுகளையெல்லாம் மெதுவாக்கி, வயலின் சேர்த்து, நினைவு ஆல்பமாக மாற்றிக் கொண்டு வந்திருந்தான். கெட்ட எண்ணம் இல்லை, பாவம். உன்னை இழந்தவன்தானே அவனும்.

எதை வெளியிடுவது என்று உன் மனைவி கலாதான் முடிவு சொல்ல வேண்டும். துக்க வருடம். உன் வீட்டில் வானொலிகூடப் பாடுவதில்லை. அதனால் என் கடைக்கு வந்தே கேட்டாள். சுங்கை பெசாரில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தோம். ராஜன் தான் மாற்றி வைத்திருந்ததைப் போட்டான்.

எல்லாக் கையும் நின்றது. மாரியம்மா நாற்காலித் துணியிலேயே மூக்கைச் சிந்தினாள்.

"பாத்தீங்களா, எல்லாரும் அழுவுறாங்க" என்றான் ராஜன்.

"ஆமா. எல்லாரு கையும் நின்னு போச்சி" என்றாள் கலா. "அவரு செஞ்சத போடுங்க."

உன் குரல் அதட்டலும் சிரிப்புமாக வந்தது. யாரும் அசையவில்லை. புருசனைப் பறிகொடுத்தவள் நிற்கும்போது யாருக்குத் தைரியம் வரும்? கலா வாளிக்குள் கையை விட்டாள். ஒரு துணியைப் பிழிந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை உன் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகுதான் மற்றவர்களும் துடைத்தார்கள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, கை மட்டும் நிற்கவேயில்லை.

அழுகிற உடம்புக்குள்தான் ஆடுகிற உடம்பும் இருக்கிறதா, சேகரா? இது உனக்கு முன்பே தெரியுமா? கேலி பேசியே என் காலம் போய்விட்டது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேனோ என்று நினைக்கிறேன்.

ராஜன் தலையைக் குனிந்து, "சரி அண்ணி, அப்படியே விட்டுடறேன்" என்றான். வெளியீட்டுக்கு வருவாயா என்று கலாவைக் கேட்டேன். "நான் வரல அண்ணி. ஒரு வருசம் எதுக்கும் போக மாட்டேன், அது என் துக்கம். அத எதுக்கு அவரு பாட்டு மேல ஏத்தணும்?" என்றாள்.

மண்டபம் பேசியாகிவிட்டது. ஏற்பாட்டுக்காரர்கள் நேற்று வந்து, முதலில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாம் என்றார்கள். "என் தம்பி வாயை மூடி நீங்க எப்பயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை வெளியீட்டு அழைப்போடு சேர்த்து அனுப்பப் போகிறேன், படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். மாலை, ஊதுவத்தி, சோக உரை எதுவும் வேண்டாம். ஆடுவதற்கு வசதியான செருப்போடு வாருங்கள், போதும்.

சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி. அன்றைக்கு முதல் பாட்டு முடியும்வரை நான் உட்கார மாட்டேன். முட்டி என்ன ஆனாலும் சரி. யாராவது மைக்கில் அழ ஆரம்பித்தால் பிடுங்கிக்கொள்வேன். நான் அழுவதாக இருந்தாலும் ஆடிக்கொண்டேதான் அழுவேன்.

இப்படிக்கு,
உன்னோடு கூடப் பிறந்து, உன்னைக் கேலி செய்தே வளர்த்த
உன் அக்கா