திருநீறும் ஒரு தட்டு டிரான்சிஸ்டரும்

1969 செப்டம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. துவைத்தவன் நான், கவலையும் என்னுடையது.

கடற்படைத் தளத்து ஸ்டோரில் பதினெட்டு வருஷம். லண்டனில் அரசாங்கம் செலவைக் குறைக்கிறதாம். குறைத்த செலவு நான்தான். வேலை போய் இன்றோடு ஐந்து வாரம். வீட்டில் சம்பாதிப்பது இப்போது என் மனைவி சரோஜா, அமெரிக்காக்காரன் டிரான்சிஸ்டர் ஃபேக்டரியில். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை: ஒரு தட்டு முழுக்க அவளே செய்து கொடுக்க வேண்டும். தேறினால் இங்கேயே இருப்போம். தேறாவிட்டால் ஊருக்குக் கப்பல், அண்ணன் வீட்டில் ஒண்டுக்குடித்தனம். அண்ணனுக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. தபாலில் சேர்க்கவில்லை.

வாங்க: சவுக்காரம். வெங்காயம். நெத்திலி. அவள் கண் எரிச்சலுக்கு ஏதாவது.

செப். 3, புதன்

மண்டையைப் பிளக்கும் வெயில். தேக்கா மார்க்கெட்டில் காதர் பாய் மளிகைக் கடை. பாய்க்கு வாய் சும்மா இருக்காது.

"வெள்ளைக்காரன் காசை நிறுத்தினான், நீங்கள்ளாம் வீட்டுக்கு வந்துட்டீங்க. நாளைக்கு இந்த அமெரிக்காக்காரனும் சாமானைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டான்னா? இது நம்ம ஊர்த் தொழிலா, சொல்லுங்கண்ணே?"

கோபம் வந்தது. வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நெத்திலி மறந்துபோச்சு.

சாப்பிடும்போது சரோஜாவிடம் சொன்னேன். குழம்பில் உப்பு அதிகம் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் இதற்கு வந்தாள். "போனா போறான். என் கை கத்துக்கிட்டதையுமா தூக்கிக்கிட்டுப் போவான்?"

முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, கடுகைவிடச் சின்னத் துண்டில் ஒட்டுகிற கை. எனக்கு ஊசியில் நூல் கோக்கவே அவள் வரவேண்டும். பெருமையாக இருந்தது. சொல்லவில்லை, உப்புக் கோபம்.

செப். 5, வெள்ளி

காலை 6. கோயிலுக்குப் போய்வந்தேன். அவள் ரெடி. பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. ஃபேக்டரியில் இரண்டும் கூடாது, கதவிலேயே எழுதியிருக்கிறது. மற்ற நாட்களில் திருநீறு ஒரு கீற்று வைப்பாள், தொப்பிக்குள் மறைந்துவிடும். இன்று நானே அள்ளி நெற்றி நிறையப் பூசினேன்.

"போதும்ங்க."

"சும்மா இரு. பெரிய நாள்."

மாலை. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். குனிந்து வேலை செய்யும்போது திருநீறு உதிர்ந்து தட்டில் விழுந்திருக்கிறது. தட்டு முழுக்க வீண். சூப்பர்வைசர் சீனத்தி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாளாம்.

"ஒவ்வொண்ணும் பாறாங்கல்லு மாதிரி கெடக்குதுங்க. பவுடர் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. திருநீறு பவுடர்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

எனக்கும்தான். சண்டாளன் நான், ஒரு கை குறைத்துப் பூசியிருக்கக் கூடாதா? திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கெஞ்சியதில் இன்னொரு தட்டு கொடுக்கிறார்களாம். திங்கள்கிழமை. அவ்வளவுதான், அதற்கு மேல் கிடையாது.

செப். 7, ஞாயிறு

மழை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டினேன். பார்த்துவிட்டாள்.

"ஒட்டுனா ஒட்டுங்க. போட்டுடாதீங்க."

செப். 8, திங்கள்

காலை. வெறும் நெற்றியோடு வாசலில் நின்றாள். பழக்கதோஷம், என் கை திருநீற்றுத் தட்டுக்குப் போய்விட்டது. எடுத்ததைத் திரும்பப் போட மனசில்லை. என் நெற்றியில் பூசினேன். மறுபடியும் எடுத்துப் பூசினேன்.

"என்னங்க இது, ரெண்டு தடவ?"

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உன்னோடது. நீ வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன்."

சிரித்துவிட்டாள். மூன்று நாளுக்கு அப்புறம். பஸ் வந்துவிட்டது, ஓடினாள்.

பகல் முழுக்க முகம் கழுவவில்லை. வியர்வையைக்கூடக் கழுத்தோடு துடைத்துக்கொண்டேன். நெத்திலி வாங்கப் போனால் காதர் பாய்: "என்னண்ணே, சாமியாராயிட்டீங்களா?" ஆமாம் என்றேன். சோறு குழைந்துவிட்டது. மணி ஐந்து. ஐந்தரை. வாசலுக்கு நாலு தடவை.

ஆறு மணி. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று நெற்றியை நீட்டினாள்.

"நிரந்தரம் பண்ணிட்டாங்க. என்னோடதக் குடுங்க."

என் நெற்றியிலிருந்தே எடுத்துப் பூசிவிட்டேன். பாதி தரையில் உதிர்ந்தது. துடைக்கவில்லை.