முன் பிரேக் பிடிக்கவில்லை

12 நவ., புதன்
தூறல். நேற்றுத் துவைத்தது இன்னும் காயவில்லை. இவர் ஃபேக்டரியிலிருந்து வரும்போது ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் பைக் நிற்காமல் போய் ஆட்டோவின் பின்னால் இடித்திருக்கிறது. முழங்காலில் சிராய்ப்பு. நல்லவேளை, அவ்வளவுதான்.
"முன் பிரேக் போச்சு செல்வி. எவ்ளோ அமுக்கினாலும் புடிக்கல."

14 நவ., வெள்ளி
மெக்கானிக் பேட் மாற்றி, ஓட்டிப் பார்த்து, "ஜம்முனு நிக்குது, போங்கண்ணா" என்றாராம். சாயங்காலமே இவர் மறுபடி புலம்பல். பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்குமாம், தானே எடுப்பாராம். இருபது வருட ஃபிட்டர், அடுத்தவன் வேலை ஆகவே ஆகாது.
காலையில் சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னார். இந்த வயதில் கொஞ்சலைப் பார் என்று சிரித்தேன்.

16 நவ., ஞாயிறு
வெயில், ஒருவழியாக. சமையல் ஆகவில்லை, பைக்தான். இவர் பிரேக் லிவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் சக்கரத்தருகே சின்ன நட்டைத் திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடும் முன்னே லிவரை விட்டால் காற்று உள்ளே போய்விடும். முதலில் வந்த ஆயிலில் காற்றுக் குமிழே இல்லை. திறக்கத் திறக்கத்தான் வந்தது.
"ஏங்க, அதுக்குள்ள ஏன் உடறீங்க?"
"நான் எங்கமே உட்டேன்? உனக்கு நட்டு மூடத் தெரியல!"
எனக்கும் கோபம். ஸ்பேனரை அவரிடம் திணித்துவிட்டு லிவரை நான் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் குமிழ் போய்விட்டது. பெரிய ஃபிட்டர் என்று கேலி செய்தேன்.
தூக்கி நிறுத்திய சக்கரத்தைச் சுற்றிவிட்டு வலக்கையால் லிவரைப் பிடித்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடக்கையால் பிடித்தார். டக்கென்று நின்றது.
பொத்தான் ஞாபகம் வந்தது. ஃபிட்டருக்கு வலக்கை போனால் யார் வேலை கொடுப்பார்கள்? பாப்பாவின் காலேஜ் படிப்பு பாதியில்.
"யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

17 நவ., திங்கள்
பஸ்ஸில் போனார். ஃபேக்டரியில் பைக் ரிப்பேர் என்று சொன்னாராம். உள்ளே போய் அழுதேன்.

20 நவ., வியாழன்
கோலார், பெரிய ஆஸ்பத்திரி. நல்ல கூட்டம். டாக்டரம்மா எங்கள் பாப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். தன் இரண்டு விரலை நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இவர் வலக்கையால் பிடித்தார். "கட்டியாகி ஹிடியிரி" என்றார் மறுபடி, இறுக்கிப் பிடியுங்கள் என்று கன்னடத்தில். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது இவருக்கு. அந்தம்மா, "ஹிடியிரி, ஹிடியிரி."
கன்னடம் அத்தனை பேசுகிற இவர், என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "புடிச்சிக்கினுதானே இருக்கேன், சொல்லு செல்வி."