கொம்தாரில் வாங்கிய மௌஸ்

என்னங்க,

நேற்று சாயங்காலம் மௌஸின் அம்புக்குறி கம்ப்யூட்டர் திரை முழுக்கத் துள்ளியதற்கு உங்கள் வலது கை காரணமில்லை. காலையில் நீங்கள் தூங்கும்போது நானே பிடித்துப் பார்த்தேன். பக்கவாதம் தொடாத என் கையிலும் அது அப்படித்தான் துள்ளியது. கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த என் தம்பி பெனடிக்டுக்குப் போன் அடித்தேன்.

"கொம்தார் மால்ல வாங்கின மௌஸா? அது விண்டோஸுக்குன்னு செஞ்சது லா, அக்கா. லினக்ஸுக்கு அது பேசுறது புரியல. அடியில சின்ன சுவிட்ச் இருக்கும். மறுபக்கம் தள்ளிட்டு, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றான். அப்படியே செய்தேன். இப்போது இழுத்த பக்கம் ஒழுங்காகப் போகிறது. அந்தச் சுவிட்சைத் தொட்டுவிடாதீர்கள்.

கோயில் அறிவிப்புகளை அடிக்க உட்கார்ந்த உங்களிடம் நான் "பொறுமையாப் பிடிங்க" என்றதும், "இனிமே பங்குத்தாளை நம்ம கோயிலுக்கு வர்ற சூசையே டைப் அடிக்கட்டும், கூப்பிடு அவனை" என்று கத்தினீர்களே. கூப்பிட்டுவிட்டேன், காலையிலேயே வருவார். அந்த வேலையை அவரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் அவர் வருவதற்குள் ஒரு தடவை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். வந்தால் காப்பி கொடுங்கள். அவருக்குச் சீனி ஆகாது.

கேட் சாவி ஃபிரிஜ் மேலே.

ஆலிஸ்

பி.கு.: பங்குத்தாளை நீங்களே அடிப்பதென்றால் சூசையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் சாப்பிடாமல் படுத்தீர்கள், நானும் சாப்பிடவில்லை. மீன் குழம்பு அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் வந்துவிடுவேன், சேர்ந்து சாப்பிடலாம்.