நசீமா, நம் பாட்டில் ஒரு வரியை வெட்டச் சொல்கிறார்கள்

என் எதிர் மேசை வாயாடி நசீமாவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியிருக்கிறது. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

போன வாரம் மதுரையில் ஒரு மேடை. இப்போது அதுதான் என் பிழைப்பு, ஊர் ஊராகப் போய் நம் பாட்டுகளைப் பாடுகிறேன். என்னை அறிமுகப்படுத்தியவர், என் பாட்டுகளில் பகரமும் மகரமும் கொட்டிக் கிடக்கின்றன, அது பாலாற்றங்கரை உழவர்களின் ஆதி மரபு என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த உழவரடி? நம் இரண்டு வீட்டிலும் ஒரு தொட்டிச் செடியாவது இருந்ததா?

மைக்கை வாங்கி உண்மையைச் சொன்னேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. நான் மெஷினில் தைப்பேன், எதிர் மேசையில் நசீமா தோலுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டுவாள். லைனில் பேசக் கூடாது. பேசினாலும் அத்தனை மெஷின் சத்தத்தில் காதில் விழாது. அதனால் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தே பாட்டுக் கட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தாலும் புரிய வேண்டும் என்று ப, ம என்று உதடு ஒட்டும் சொற்களாகப் பொறுக்கினாள் அவள். மெட்டு நான் சர்ச்சில் பாடிப் பழகியது, தாளம் மெஷின் போட்டது. இதுதான் என் மரபு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார்.

நினைவிருக்கிறதா, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் மட்டும் நமக்கு மாஸ்க் கொடுப்பார்களே? "இன்னாடி இது பேஜாரு, உன் வாயே தெரியல" என்று சாப்பாட்டு நேரத்தில் பொருமினாய். சாயந்திரம் சூப்பர்வைசர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் விசில் அடித்தாய். நானும் சிரித்தேன். இனி பாடலாம் என்று சந்தோஷப்பட்டோம் நசீமா! அந்தச் சொல்யூஷன் நெடியை நாள் முழுக்க நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டே சந்தோஷப்பட்டோம்.

அது என்ன செய்யும் என்று ஒருத்தராவது நமக்குச் சொன்னார்களா? அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே பையர் கண்ணுக்கு முன்னால் மட்டும் மாஸ்க் கட்டிவிட்டார்கள்?

உன்மேலும் கோபம்தான். படியேற முடியாமல் சுவரைப் பிடித்து நின்றபோதும், "மூச்சு கொஞ்சம் ஜாஸ்தியா வாங்குது, அவ்ளோதான்டி" என்றாய். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. கம்பெனியிலிருந்து துக்கம் கேட்க ஒருவர் வந்தார். பூட்சைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, அப்படியே போய்விட்டார். மறுநாளே நான் வேலையை விட்டேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியின் ஆண்டு விழாவில் பாட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "மேடம், எல்லாப் பாட்டும் பாடுங்க. அந்த மூச்சு வர்ற லைன் மட்டும் வேணாம். முன்னாடி பையருங்க உக்காந்திருப்பாங்க" என்று போனில் ஒரு குரல். யார் தெரியுமா? "ஏய், வாய மூடு" என்று நம்மை விரட்டிய அதே சூப்பர்வைசர், இப்போது மேனேஜர். அவருக்கு நான் மேடமாம்!

அவர் வெட்டச் சொல்வது நீ கட்டிய வரியை:

கப்பலேறிப் போவுது பளபள பூட்சு,
மூச்சு முட்டும் பொம்பளைக்குப் போக்கிடம் இன்னா?

முடியாது என்று போனை வைக்கத்தான் நினைத்தேன். பக்கத்தில் உன் மகள் ஷாஹீன் இருந்தாள். அவளும் இப்போது அங்கேதான், உன் மேசையில். அவளுக்கு நான் காலா; உங்கள் வீட்டில் சித்தியை அப்படித்தானே கூப்பிடுவீர்கள். "வா காலா. மாஸ்க்கு இன்னும் அதே கததான். நாங்கல்லாம் பின்னாடி நிப்போம், நீ பாடு" என்றாள்.

போகிறேன் நசீமா. உன் வரி வந்ததும் மைக்கைக் கீழே இறக்குவேன். உதடு மட்டும் அசையும். முன் வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. பின்னால் நிற்கும் நம் லைன் பெண்களுக்கு ஒரு சொல் விடாமல் புரியும். அதை அவர்கள் வாய்விட்டுப் பாடுவார்கள், உன் மகள் எல்லோருக்கும் மேலே பாடுவாள். பாடி முடித்ததும் மைக்கைத் தூக்கி, இதைக் கட்டியவள் பெயர் நசீமா என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் வாயைப் படித்தவள், உன் மகளுக்குக் காலா,
எஸ்தர்