டேப் ஒட்டிய போஸ்டர்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனம் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். சிறைச் சாப்பாடு என்று முகம் சுளிக்காமல் வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் நாலு பக்கக் கடிதம் கிடைத்தது. நீ சேர்த்துவைத்த சினிமா போஸ்டர்களை வெயில் படாமல் வை, சுருட்டாதே, ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய தாள் வை, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாதாமாதம் மாற்று, ரத்தக்கறை பட்டதைத் தண்ணீரால் துடைக்காதே என்றெல்லாம் எழுதியிருந்தாய். அது யாருடைய ரத்தம் என்று எழுத மட்டும் உனக்குக் கை வரவில்லை.

நான் சொல்கிறேன். சின்னவனுடைய ரத்தம். உன் பிறந்தநாளுக்குச் சரிசெய்து தரலாம் என்று அந்தக் கிழிந்த போஸ்டரை டேப் போட்டு ஒட்டினான், பாவம். டேப்பின் பசை காகிதத்தைத் தின்றுவிடும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கூடப்பிறந்தவன் என்றும் பாராமல் இரும்பு ஸ்கேலால் முகத்தில் விளாசினாய். நான் உன் கையைப் பிடித்துத் தொங்கியும் நீ நிறுத்தவில்லை. மூன்றாவது அடியில் கண் போனது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உனக்கு ஆடவில்லையே!

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்தான். கண்ணில் கட்டு, கையில் நம் கொல்லையில் கிடந்த கோடரி. உன் அறைக் கதவைப் பிளந்தான். குறுக்கே போன என்னைத் தள்ளியதில் நெற்றி உடைந்து நாலு தையல். முதல் இழுப்பறையை நொறுக்கிவிட்டு, மூச்சிரைக்க, “அவன் என்னைப் பத்தி ஏதாச்சும் எழுதினானா?” என்று கேட்டான். பொய் சொல்ல வாய் வரவில்லை. உன் கடிதத்தைக் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணால் முழுவதையும் படித்தான். கடைசித் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தான்.

பிறகு போஸ்டர்களை வெட்ட ஆரம்பித்தான். இரண்டாவது இழுப்பறை பூட்டியிருந்தது. சாவியை நானே எடுத்துக் கொடுத்தேனடா. எனக்கும் வெறி பிடித்துவிட்டது. இருபது வருஷச் சேகரிப்பு என்பாயே, அரை மணியில் கூட்டி அள்ளினோம்.

டேப் ஒட்டியதைக் கையில் எடுத்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அதை மட்டும் வெட்டவில்லை. நீ சொன்னபடியே தட்டையாக, தாளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். துடைக்கவில்லை.

என்னைத் திட்டிப் பத்துப் பக்கம் எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதல் வரியில் அவன் கண்ணைப் பற்றிக் கேளடா. அவன் தினமும் வாசலுக்கு வந்து, தபால் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா